மனைத் தூம்பும் காப்பு முறையும்: கொங்கு நாட்டுச் சான்றுகளைத் தழுவிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழர் நீராட்சி முறை பற்றிய ஆய்வுகள் பலவும் ஏரி, அணை, மதகு, வாய்க்கால் ஆகியவற்றையே பெரிதும் நோக்கியுள்ளன. வேளாண்மைக்கு நீர் கொணர்ந்த முறை விரிவாக ஆராயப்பட்ட அளவிற்கு, மனையினின்று நீரை வெளியேற்றிய முறை ஆராயப்படவில்லை. கூரைமேல் விழும் மழைநீர் எவ்வழிச் சென்றது, அவ்வழியை அடைபடாமல் காத்தவர் யாவர், அக்காப்பு எக்காலத்து நிகழ்ந்தது என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு வீடு நூறாண்டு நிற்பதும் இருபதாண்டில் இடிவதும் பெரும்பாலும் இவ்வினாக்களின் விடையைப் பொறுத்தனவே.

கூரையின் இறவாரத்து நீரை ஏந்திச் செல்லும் தாரையையும், அந்நீரை மனைக்கு வெளியே போக்கும் வழியையும் ஈண்டு மனைத் தூம்பு எனப் பொதுவாகக் குறிக்கின்றோம். இலக்கியம், கல்வெட்டு, அகழாய்வு, வழக்காறு ஆகிய நால்வகைச் சான்றுகளையும் கொண்டு, தூம்பினை அமைக்கும் அறிவு தமிழரிடம் தொன்றுதொட்டு இருந்தது என்பதையும், அதனைப் பேணும் பொறுப்பு ஏரிக்கும் கோயிலுக்கும் வகுக்கப்பட்டது போல மனைக்கு வகுக்கப்படவில்லை என்பதையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் இலக்கியமும்

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வழங்குதல் அப்பொருள் மக்கள் வாழ்வில் ஊன்றியிருந்தமையைக் காட்டும். தூம்பு, சுருங்கை, அம்பணம், அங்கணம், சலதாரை, கூடல்வாய் என நீர்போக்கு வழிகளைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பலவாம். இவற்றுள் கூடல்வாய் என்பது கூரையின் இரு சரிவுகள் கூடும் மூலையைக் குறிப்பது. கூரைநீர் மிகுதியாகத் திரளும் இடமும், சருகு முதலில் தங்கும் இடமும் அதுவே. கூரையோரத் தாரையை யாழ்ப்பாணத்தார் பீலி என வழங்குவர். அங்கணம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் 720ஆம் குறளில் கழிவுநீர் தங்கும் முற்றத்தைச் சுட்ட ஆளுகின்றார். தூய்மையற்ற இடத்துக்கு உவமை வேண்டிய புலவர்க்கு வீட்டின் நீர்போக்கிடமே முன்வந்து நின்றமை கருதற்பாலது.

நெடுநல்வாடை அரண்மனையை வருணிக்குமிடத்து, நிலாமுற்றத்து மழைநீர் கிம்புரியின் பிளந்த வாய்போல் அமைந்த அம்பணத்தில் நிறைந்து அருவியென வீழும் ஒலியைக் கூறுகின்றது. மேல்தளத்து நீரை ஒருமுகப்படுத்தி, சுவரினின்று விலக்கி வீழ்த்தும் அமைப்பு இது. பரிபாடலின் 20ஆம் பாடல் மதுரையின் சுருங்கை வழியே வெளிப்படும் நீரை, களிறு கையை உயர்த்தி விடும் நீரோடு ஒப்பிடுகின்றது. இவ்விரு சான்றுகளும் தூம்பின் எழிலையும் வன்மையையும் பாடுகின்றன. அடைப்பு நீக்கியவரைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

கொங்கு நாட்டு வரலாற்றுக்கு நெருங்கிய சான்று மணிமேகலையின் 28ஆம் காதையில் உளது. வஞ்சி நகரின் அகழியை வருணிக்கும் சாத்தனார், மனைதோறும் மகளிர் கூந்தல் கழுவிய நீரும் பிறவும் சுருங்கைத் தூம்பின் வழியாக வந்து அகழியில் கலந்ததாகக் கூறுகின்றார். மனையின் சிறு தூம்பு நகரின் பெருஞ்சுருங்கையோடும், அது அகழியோடும் இணைந்திருந்த ஒரு தொடரமைப்பு இதனால் விளங்கும். வஞ்சி கரூரே என்பார் ஒரு சாரார். கொடுங்கோளூரே என்பார் மற்றொரு சாரார். 'வஞ்சிமாநகர்' எழுதிய இரா. இராகவையங்கார் முதலியோர் கரூர்க் கொள்கையை வலியுறுத்தினர். கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் சேரர் குடியினரைக் குறிப்பது அக்கொள்கைக்குத் துணை செய்கின்றது. அஃது ஏற்கப்படுமாயின், மனைத் தூம்பு பற்றிய மிக விரிவான பழந்தமிழ் வருணனை கொங்கு மண்டலத்து நகர் ஒன்றைப் பற்றியதாகும்.

3. அகழாய்வும் கட்டட மரபும்

புலவர் வருணனையைக் கற்பனை எனத் தள்ளுவார்க்கு அகழாய்வு விடை கூறுகின்றது. கீழடியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் அகழாய்வுகளில் கூரை ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றின் மேற்பரப்பில் விரலால் இழுத்த பள்ளங்கள் உள. மழைநீர் தேங்காது வழிந்தோடுதற்கு அவை உதவின. மேல்முனையில் உள்ள துளைகள் ஓட்டினைக் கூரைச் சட்டத்தோடு பிணித்தற்குரியவை. சுடுமண் குழாய்களும் அங்கு வெளிப்பட்டுள்ளன. கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்த மொகஞ்சதாரோவின் தெருச் சாக்கடைகள் மூடிகளையும், இடையிடையே கசடு தங்கும் குழிகளையும் உடையன. கசடு தங்கும் என்பதை முன்னரே எண்ணி, அதனை அள்ளுதற்கு இடம் வைத்துக் கட்டிய அறிவு அது. அமைப்போடு காப்பினையும் சேர்த்தே எண்ணிய தொன்மையான சான்று அதுவே எனலாம்.

கொங்கு நாட்டில் மனை வகை பலவாயினும், மழைநீரைப் பொறுத்தவரை இரு வகை சிறப்பாகக் கருதத்தக்கன. ஒன்று, தோட்டத்துச் சாளை. ஓலையோ தட்டோ வேய்ந்த கூரையினின்று நீர் நாற்புறமும் நேரே மண்ணில் வீழும். இதற்குத் தூம்பு இல்லை. நீண்ட இறவாரமும், சுவரடியில் திண்ணை போல் உயர்த்திய மண்ணுமே காப்பு. மற்றொன்று, தொட்டிக்கட்டு வீடு. நாற்புறக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து நடுவிலுள்ள தொட்டியில் நீரைச் சேர்க்கும். நான்கு மூலையிலும் கூடல்வாய் அமையும். தொட்டியின் ஒரு மூலையிலிருந்து தரையின்கீழ்ச் செல்லும் தூம்பு நீரை வெளியேற்றும். அத்தூம்பு அடைபட்டால் நீர் நிற்குமிடம் வீட்டின் நடுவே ஆகும். ஆதலின் தொட்டிக்கட்டு வீட்டில் தூம்பினைப் பேணுதல் வீட்டாரால் புறக்கணிக்க இயலாத கடமையாயிற்று. தன் பிழையைத் தானே உடனே காட்டும் அமைப்பு அது.

1865இல் பாசல் மிசன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியபின், சீமை ஓடு என வழங்கிய மங்களூர் ஓடு தென்னாடெங்கும் பரவியது. அதனோடு தகரத் தூம்பும் வந்தது. தூம்பு வெளிப்புறத்து இறவாரத்தில், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் அமைந்ததனால், அதன் அடைப்பினை வீட்டார் உடனே அறியும் வாய்ப்பு குறைந்தது. இம்மாற்றம் சிறிதாயினும் காப்பு வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

4. ஏரிக்கும் கோயிலுக்கும் வகுத்த முறை

காப்பு என்பது மூன்றன்பாற்பட்டது: குறித்த காலம், குறித்த பொறுப்பாளர், குறித்த பொருள். இம்மூன்றும் வகுக்கப்பட்டவிடத்துப் பழைய அமைப்புகள் நிலைத்தன.

முதற் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்று. குடவோலை முறையில் தெரிந்தெடுத்தவர்களுள் ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தது. வாரியப் பெருமக்களின் பதவிக் காலம் 360 நாள். ஏரியைக் கட்டிய மன்னன் மறைந்தாலும், ஏரியைப் பேணும் பொறுப்பு ஆண்டுதோறும் புதிய கைகளுக்கு மாறி வந்தது. ஏரியில் மண்ணெடுத்துக் கரையிலிடுதற்கு நிலமும் பொன்னும் அளித்த செய்திகள் பிற கல்வெட்டுகள் பலவற்றில் உள.

கோயிலின் பொருட்டு அளித்த அறக்கொடைகளுள் புதுக்குப்புறம் என்பது ஒருவகை. பழுதானவற்றைப் புதுக்குதற்கென ஒதுக்கிய நிலம் அது. கட்டுதற்கு ஒரு கொடை, விளக்கெரித்தற்கு ஒரு கொடை என்றவாறே, பழுது பார்த்தற்கும் தனிக் கொடை வேண்டும் என முன்னோர் உணர்ந்திருந்தனர். கோயில் மேல்தளத்து நீர்வழியில் பறவையிட்ட வித்தினின்று முளைக்கும் அரசும் ஆலும், பெருங்கற்களையும் பிளக்க வல்லன. கன்று விரலளவில் இருக்கும்போது கையால் களையலாம். வேர் கல்லிடுக்கில் இறங்கியபின் கல்லைப் பிரித்தன்றிக் களைதல் இயலாது. காலந்தோறும் செய்யும் சிறு பணி, காலந்தாழ்ந்த பெருந்திருப்பணியைத் தவிர்க்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

5. மனைக்கு வகுக்கப்படாத முறை

மனையின் நிலை இதனின் வேறாயிற்று. மனையைக் காத்தல் மனையுடையோன் பொறுப்பே எனக் கருதப்பட்டது. ஆயின் மனையைக் காத்துக்கொள்ளும் உரிமைதானும் எல்லார்க்கும் ஒருபடித்தாய் இருந்ததா என்னும் வினா எழுகின்றது.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டொன்றில், கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டமுடைய மன்னன் வெங்கால நாட்டுக் கண்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகின்றான். நன்மை தின்மைகளில் இரட்டைச் சங்கு ஊதுதல், பேரிகை கொட்டுதல், வெளிச்செல்லும்போது காலணி அணிதல் ஆகியவற்றோடு, தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளுதலும் அவற்றுள் ஒன்று. அரசன் ஆணையிட்டு அளிக்க வேண்டிய உரிமையாயின், அவ்வாணைக்கு முன்னர் அவர்க்கு அவ்வுரிமை இல்லை என்பது பெறப்படும். இக்கல்வெட்டினைச் சமூக மதிப்புப் பற்றிய சான்றாகவே ஆய்வாளர் பெரிதும் எடுத்தாண்டனர். கட்டட வரலாற்று நோக்கில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. சுண்ணச் சாந்து மண்சுவருக்கு நீர்க்காப்பு. சாந்து இல்லாத சுவரில் இறவாரத்து நீர் தெறிக்குந்தோறும் அடிமண் கரையும். எனவே சாந்து பூசும் உரிமை மறுக்கப்பட்டோரின் வீடு ஒவ்வொரு மழையிலும் சிறிது தேய்ந்தது. அதனைக் கட்டிய கைத்திறன் உடையோரே அந்நிலைக்கு ஆளாயினர் என்பது எண்ணத்தக்கது.

மனைக்கு வாரியமும் புதுக்குப்புறமும் இல்லாதவிடத்தும், காலத்தை மட்டும் வழக்காறு ஒருவாறு வகுத்துத் தந்தது. மார்கழி இறுதி நாளில் கொங்கு நாட்டு இல்லங்களில் காப்புக்கட்டு நிகழும். வீட்டைத் துப்புரவு செய்து வெள்ளையடித்து, பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றை இணைத்து இறவாரத்தில் செருகுவர். இதன் சமயப் பொருளை மறுக்க வேண்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தவுடன், வீட்டார் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இறவாரத்தை அண்ணாந்து நோக்கி, அதனைக் கையால் தொடும் கட்டாயத்தை அவ்வழக்கு உண்டாக்கியது. பெயரும் காப்பு என்றே அமைந்துள்ளது.

6. கொங்கு நாட்டு மழையும் தூம்பின் கேடும்

கோவை வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ளது. ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 650 முதல் 700 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. மழை குறைந்த நாட்டில் தூம்பு எதற்கு எனக் கருதுவோர் உளர். உண்மை நேர்மாறானது. மழை அருகிப் பெய்யும் நாட்டில் தூம்பு மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும். வறண்ட தூம்பே மறக்கப்படும். அம்மியையும் பறக்கவிடும் எனப் பழமொழி கூறும் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புழுதியையும் சருகையும் வாரி வந்து கூரையில் சேர்க்கின்றது. ஆடியில் நிறைந்த தூம்பு ஐப்பசியில் சோதிக்கப்படுகின்றது. ஆதலின் இந்நாட்டில் தூம்பு துப்புரவுக்குரிய தலையாய மாதம் புரட்டாசி எனக் கொள்ளுதல் பொருந்தும். கோடை மழைக்கு முன்னர்ப் பங்குனியில் ஒருமுறையும், பருவமழை ஓய்ந்தபின் மார்கழியில் ஒருமுறையும் நோக்குதல் வேண்டும். மரநிழலில் உள்ள கூரைக்கு இதனினும் மிகுதியாக வேண்டும்.

கேட்டின் அளவைக் கணக்கிட்டுக் காணலாம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். 100 சதுர மீட்டர்க் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்யின் 5,000 லிட்டர் நீர் வீழும். அந்நீர் முழுதும் ஒன்றிரண்டு குழாய்களின் வாயிலாகவே இறங்க வேண்டும். ஒரு குழாயின் வாயை அடைக்க ஒருபிடிச் சருகு போதும். பத்துச் சென்டிமீட்டர் அகலமும் பத்துச் சென்டிமீட்டர் ஆழமும் உடைய தூம்பில் நீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் 10 கிலோ எடை ஏறும். தாங்கும் கொக்கிகள் வளையும், தூம்பு சாயும், சாய்ந்த தூம்பில் நீர் மேலும் தேங்கும். ஓட்டுக்கூரையாயின் தேங்கிய நீர் ஓட்டின் அடியிற் புகுந்து கைமரங்களின் முனையை உளுக்கச் செய்யும். சுவரோரம் வழியும் நீர் கடைக்காலை நனைக்கும். கரிசல் மண் நனைந்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். அவ்விரு நிலைக்கும் இடையே சுவர் விரிசல் காணும். இவையனைத்திற்கும் தோற்றுவாய் ஒருபிடிச் சருகே.

7. அண்டை மனையும் அறமும்

தூம்பின் கேடு மனையெல்லையோடு நிற்பதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வீட்டின் நீர்வழியை அண்டைச் சுவரினின்று விலக்கி, போதிய சரிவோடு அமைக்குமாறு விதித்து, மீறுவோர்க்குத் தண்டம் கூறுகின்றது. உரோமச் சட்டம் இறவாரத்து நீரை அண்டை நிலத்தில் வீழ்த்தும் உரிமையைத் தனி உரிமையாகவே வகுத்தது. இந்தியாவில் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டு இடையறாத் துய்ப்பால் இத்தகைய உரிமைகள் நிலைபெறும் என்கின்றது. மூன்று நாகரிகங்களின் சட்டமும் கூரைநீரை அண்டையார் இருவர்க்கிடைப்பட்ட பொருளாகவே கருதின.

நீர் ஊறிய சுவர் அண்டையார்க்கு என்ன செய்யும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே துயரமான சான்று உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், 2019ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையின்போது உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து அடுத்திருந்த வீடுகளின்மேல் வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர். அவ்வீடுகளில் வாழ்ந்தோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அது தூம்பின் அடைப்பால் நேர்ந்தது எனக் கூறுதல் நம் கருத்தன்று. ஒருவர் எல்லையில் உள்ள சுவரும் நீரும் மற்றொருவர் உயிரைத் தொடுவன என்பதும், அத்தீங்கு முதற்கண் வறியோர் வீட்டையே அடைகின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. சாந்து பூசும் உரிமை பற்றிய கரூர்க் கல்வெட்டினைப் படிப்போர் நடூரையும் மறத்தல் இயலாது.

8. சரவணம்பட்டி: இற்றைநிலை

இவ்வரலாற்றின் இறுதிக் கட்டத்தைக் காண்டற்குச் சரவணம்பட்டி ஏற்ற இடம். சத்தியமங்கலம் சாலையில் அமைந்த இவ்வூர் 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வருகையால் மனைகள் விரைந்து பெருகின. ஓட்டுக்கூரை இருந்த இடத்தில் அடுக்குமாடியும் மொட்டைமாடியும் எழுந்தன. இதன் அண்மையிலுள்ள சின்னவேடம்பட்டி ஏரியோ, குருடிமலைப் பகுதியில் தோன்றி வஞ்சிபாளையத்தருகே நொய்யலிற் சேரும் கௌசிகா நதியின் நீர்வரத்துக் குன்றியதால் நெடுங்காலம் வறண்டு கிடந்தது. கூரையில் வீழும் நீர் தெருவில் தேங்க, ஏரி வறண்டு கிடக்கும் முரண்பாடு ஓரூரிலேயே காணப்படுகின்றது.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இச்சட்டத்தால் தூம்பின் பயன் இரட்டித்தது. நீரை வெளியேற்றும் வழியாக இருந்தது நீரை ஈட்டும் வழியாகவும் ஆயிற்று. 100 சதுர மீட்டர்க் கூரையில் ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் பெய்யின் 65,000 லிட்டர் நீர் வீழ்கின்றது. ஆவியாதலும் சிதறலும் போக எஞ்சுவதும் பேரளவே. ஆயின் அமைத்தலைக் கட்டாயமாக்குதல் எளிது; பேணுதலை அவ்வாறு ஆக்குதல் அரிது. அடைபட்ட தூம்பும் மண்மூடிய சேகரிப்புக் குழியும், கணக்கில் இருந்தும் பயனில் இல்லாதவை.

நோய் பற்றிய செய்தியும் இதனோடு சேரும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு தெளிந்த தேக்க நீரை நாடுவது. அடைபட்ட தூம்பிலும் மாடித் தேக்கத்திலும் அது முட்டையிடும். முட்டை கொசுவாதற்கு வெப்பக் காலத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். உலர்ந்த முட்டை மாதக்கணக்கில் கெடாதிருந்து அடுத்த மழையிற் பொரிக்கும். ஆகவே மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மாடியையும் தூம்பையும் நோக்குதல் வேண்டும் என்பது கொசுவின் வளர்ச்சிக் காலத்தினின்றே பெறப்படும் கணக்கு.

தொட்டிக்கட்டு வீட்டில் அடைப்பு வீட்டார் கண்முன் தோன்றியது. அடுக்குமாடியில் அது எவர் கண்ணிலும் படுவதில்லை. வீட்டுடையோர் வேற்றூரில் இருப்பர். குடியிருப்போர் மாடிப்பொறுப்பு தமதன்று என்பர். துப்புரவுப் பணிக்கு அழைக்கப்படுவோர், உரிய ஏணியும் கயிறும் கையுறையும் இன்றி விளிம்பில் நிற்கும் கூலியாளரே. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவைக் கையால் அள்ளுவித்தலையும், சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் காப்பின்றி இறக்கித் துப்புரவு செய்வித்தலையும் தடை செய்தது. மழைநீர்த் தூம்பு அச்சட்டத்தின்பாற் படாதாயினும், ஒருவர் வீட்டைக் காத்தற்கு மற்றொருவர் உயிர் பணயமாதல் கூடாது என்னும் அதன் அறம் கூரைக்கும் ஒக்கும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். மனைநீரைப் போக்கும் அமைப்பறிவு தமிழரிடம் சங்க காலந்தொட்டே இருந்தது. ஏரியும் கோயிலும் நிலைத்தமைக்கு அவற்றின் காப்புக்குக் காலமும் ஆளும் பொருளும் வகுத்தமையே காரணம். மனைக்கோ காலம் ஒன்றே வழக்காற்றால் அமைந்தது; ஆளும் பொருளும் வகுக்கப்படாமையோடு, மனையைக் காக்கும் உரிமையும் சிலர்க்கு அரசாணையால் பெற வேண்டியதாயிற்று.

உத்திரமேரூரார் ஏரிக்குச் செய்ததை இன்றைய குடியிருப்பினர் தம் மாடிக்குச் செய்தல் அரிதன்று. ஆண்டுக்கொருமுறை மாறும் பொறுப்பாளர் ஒருவர், புரட்டாசியும் மார்கழியும் பங்குனியும் எனக் குறித்த காலம், பொதுப் பணத்தில் பாதுகாப்பான கருவிகளோடு கூடிய பணிக்கென ஒதுக்கிய ஒரு பங்கு ஆகிய இம்மூன்றும் போதும். கட்டியோர் பெயர் கல்வெட்டில் நின்றது. காத்தோர் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. அவர்தம் பணியைக் கல்வெட்டுச் சொற்களிலும் கொங்கு நாட்டு வழக்காறுகளிலும் தேடித் தொகுத்தல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். தூம்பு, கூடல்வாய், இறவாரம் முதலிய சொற்களை இன்றும் வழங்கும் முதியோர் ஊர்தோறும் உளர். அவர் நாவினின்று அச்சொற்களைக் காலத்தே பதிந்து வைத்தலும் ஒரு காப்பே.